சாச்சி படித்த ஸ்பானிய இலக்கணம்

காரைக்காலில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்கள், பாரிசில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், பள்ளியில் படித்துப் பரீட்சை முடிந்ததும் மறந்தவர்கள் என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஸ்பானிய மொழி படித்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான், என் சாச்சி. அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் பேசி அவள் கேட்டதும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு பாடப்புத்தகத்தின் விதிகளை ஒன்று விடாமல் மனப்பாடம் செய்தாள். கடைசியில் சில நிமிடங்கள் பேசினாள். பிறகு அந்த மொழியில் அவளுக்குப் பேச வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

சாச்சி என் உம்மாவின் தங்கை. எங்களில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி வந்த இரண்டு மாப்பிள்ளைகள் என் வாப்பாவும், சாச்சியின் கணவரான சாச்சாவும். வீட்டின் முன்பாதி எங்களுக்கு, பின்பாதி அவர்களுக்கு. வாப்பா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். சாச்சாவுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் நான் சாப்பிடுவது முன்பாதியிலும் தூங்குவது பின்பாதியிலுமாக வளர்ந்தேன்.

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, மழைக்கு முன்னால், பம்பாயிலிருந்து கப்பல் ஏஜெண்டின் தந்தி வந்தது. சாச்சா கப்பலில் படியிலிருந்து விழுந்துவிட்டார், தலையில் அடி, சிலி நாட்டில் ஒரு துறைமுகத்தில் இறக்கி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், கப்பல் புறப்பட்டுவிட்டது. அவ்வளவுதான். வாப்பா பம்பாய்க்குப் போன் போட்டபோதெல்லாம் ‘சிகிச்சையில் இருக்கிறார், தகவல் வந்தால் தெரிவிக்கிறோம்’ என்ற ஒரே பதில் வந்தது. வாரம் போகப்போக அந்தப் பதிலும் சுருங்கியது.

ஒரு மாதம் கழித்து அந்த மருத்துவமனையிலிருந்தே ஒரு தாள் வந்தது. அச்சடித்த படிவம். சாச்சாவின் பெயரை மூன்று துண்டாக உடைத்துத் தட்டச்சு செய்திருந்தார்கள். மேலே ஒரு தொலைபேசி எண். கீழே டாக்டரின் கையெழுத்தில் நாலு வரி, அது எந்த நாட்டவராலும் படிக்க முடியாதது.

வாப்பா அந்த எண்ணை எடுத்துக்கொண்டு கடைத்தெரு போன் பூத்துக்குப் போனார். திரும்பி வந்து ஈரக் குடையை மடக்காமலே நின்றார்.

“யாரு எடுத்தா மச்சான்?” என்று சாச்சி கேட்டாள்.

“ஒரு பொம்பளை. நான் இங்கிலீஷ் இங்கிலீஷுன்னேன். அவ இன்னும் வேகமாச் சொன்னா.”

“என்ன சொன்னா?”

“மழை கொட்டுன மாதிரி இருந்துச்சு புள்ள. ஒரு சொட்டு கையில நிக்கல.”

சாச்சி அந்தத் தாளை வாங்கி விளக்கடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பள்ளியில் பிரெஞ்சில் எப்போதும் முதல் மார்க் வாங்கியவள் அவள். தாளில் பாதி வார்த்தைகள் தெரிந்த முகமாக இருக்கின்றன என்றாள். “இது பிரெஞ்சுக்குக் கூடப்பொறந்தது மாதிரி இருக்கு லாத்தா” என்று உம்மாவிடம் சொன்னாள். லாத்தா என்றால் அக்கா. தலையில் அறுவை நடந்திருக்கிறது என்பதை அவள் அப்படித்தான் கண்டுபிடித்தாள். நடந்த பிறகு என்ன ஆனது என்பது டாக்டரின் நாலு வரிக்குள் இருந்தது.

எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரை ‘சொல்தா’ என்பார்கள். அவருடைய பேத்தி பாரிசில் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்துபோனபோது தன் ஸ்பானியப் பாடப்புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருந்தாள். பிரெஞ்சு வழியாக ஸ்பானியம் கற்பிக்கிற புத்தகம். சொல்தா அதைக் கொண்டுவந்து வாசலில் நின்றபடி, “இதெல்லாம் எதுக்கும்மா கஷ்டம்? எம் பேத்தி அங்கேருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லிடும். ரெண்டு வருஷமாப் படிக்குதுல்ல” என்றார்.

“அதுக்கு என்ன வயசுங்க ஐயா?”

“பதினாலு.”

“பதினாலு வயசுப் புள்ளைய இதைக் கேக்கச் சொல்றதாங்க? புத்தகத்தை மட்டும் குடுங்க.”

உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வீம்பு என்றாள். ஒரு போனில் முடிகிற காரியத்தை இழுக்கிறாள் என்று வாப்பாவிடம் முறையிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு அதில் வருத்தமில்லை. என்னைப் போலவே பெரியவள் ஒருத்தி பாடம் படிக்கப்போகிறாள் என்பது கொண்டாட்டமாக இருந்தது.

அவள் படித்ததைப் போல ஒருவர் படித்து நான் இன்றுவரை பார்த்ததில்லை. நாலு வாக்கியம் தெரிந்தால் போதாதா என்று வாப்பா கேட்டதற்கு, “நாலு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போனா, அஞ்சாவது தேவைப்படுறப்ப வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணும் மச்சான். விதி தெரிஞ்சா நானே செஞ்சுக்குவேன்” என்றாள். வாப்பா கடையிலிருந்து சட்டைப் பெட்டிகளில் வரும் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓர் அட்டைக்கு ஒரு விதி. மழை விடாததால் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தோம். அதே கொடியில் அட்டைகளும் கிளிப் மாட்டித் தொங்கின. மீன் கழுவும்போது ஒன்று, அரிசி களையும்போது ஒன்று என்று அண்ணாந்து பார்த்து முணுமுணுப்பாள். ஒரு விதி வாயில் நின்றுவிட்டால்தான் அட்டையைக் கழற்றுவாள்.

“இந்த வீட்டுல கைலி காயுதோ இல்லையோ, பாஷை நல்லாக் காயுது” என்று உம்மா சொல்வாள்.

வினைச்சொற்கள் மூன்று குடும்பம் என்பாள் சாச்சி. குடும்பத்தைக் கண்டுகொண்டால் ஆயிரம் வினைச்சொல்லையும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாமாம். எந்தக் குடும்பத்திலும் அடங்காதவற்றைத் தனி அட்டையில் எழுதி, ‘அடங்காப்பிடாரிகள்’ என்று தலைப்புப் போட்டிருந்தாள். அவற்றுக்குத் தினமும் இரண்டு வேளை. மரியாதைக்குத் தனி வினை உண்டு என்று தெரிந்த அன்று, “நம்மளை மாதிரித்தான் லாத்தா, வா வேற, வாங்க வேற” என்று பெரிய நிம்மதியோடு சொன்னாள். தொண்டையிலிருந்து உரசி வரும் ஓர் எழுத்து பிரெஞ்சுக்காரருக்கு வரவே வராது என்று புத்தகம் பயமுறுத்தியிருந்தது. சாச்சி அதைப் படித்துச் சிரித்தாள். குர்ஆன் ஓதுகிற பிள்ளைக்கு அது ஏழு வயதிலேயே வந்துவிடும்.

ஒருநாள் இறால் உரித்துக்கொண்டே உம்மாவுக்கும் பாடம் நடந்தது.

“இருக்கிறதுங்கறதுக்கு அவங்ககிட்ட ரெண்டு சொல்லு லாத்தா. மாறாம இருக்கிறதுக்கு ஒண்ணு, மாறிப் போறதுக்கு ஒண்ணு.”

“அப்ப மாப்புள நோயில படுத்திருக்கிறது எதுல சேரும்?”

“மாறிப் போறதுல.”

உம்மா இறாலைச் சட்டியில் போட்டாள். “அல்ஹம்துலில்லாஹ். அப்ப நல்ல பாஷைதான். படி.”

இலக்கணம் வசப்பட்டாலும் ஒரு சிக்கல் இருந்தது. இவள் கேட்பது அவர்களுக்குப் புரியலாம். அவர்கள் பேசுவது இவளுக்குப் புரிய வேண்டுமே? வாப்பா நனைந்து வந்த அதே மழையில் இவளும்தானே நிற்க வேண்டும்? சாச்சி இரண்டு நாள் யோசித்து அதற்கு ஒரு வழி கண்டாள். ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில் மட்டுமே வரக்கூடிய கேள்விகளாகக் கேட்பது. எப்படி இருக்கிறார் என்று கேட்கக் கூடாது. நடக்கிறாரா, பேசுகிறாரா என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை விதியும் தேவைப்பட்டது.

“ஆமாங்கறதுக்கு அவங்க ‘சீ’ன்னு சொல்வாங்க” என்று எங்களுக்கு விளக்கினாள்.

“ஆமாங்கறதுக்கு யாராச்சும் சீன்னுவாங்களா? நீ சரியாப் பாத்தியா?” என்றாள் உம்மா.

பதினோரு கேள்விகளை என்னுடைய பழைய நோட்டில் எழுதினாள். இடப்பக்கம் ஸ்பானிய எழுத்தில், வலப்பக்கம் எனக்காகத் தமிழ் எழுத்தில். அர்த்தம் எங்கேயும் எழுதவில்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஓதுகிற பள்ளியில் நாங்கள் அரபியையும் அப்படித்தான் படித்தோம். ஒரு பிள்ளை மனப்பாடமாக ஓதும்போது இன்னொரு பிள்ளை கிதாபில் விரலை ஓட்டிக்கொண்டே போகும். ஓதுகிறவள் ஒரு வரியை விட்டுவிட்டால் அடுத்த மூச்சு எடுப்பதற்குள் அந்த வரியைச் சொல்ல வேண்டும். அதற்கு எடுத்துக்கொடுப்பது என்று பேர். எங்கள் வகுப்பில் எடுத்துக்கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. சாச்சிக்கும் தினமும் மாலையில் நான்தான் விரலை ஓட்டினேன். அவள் ஒரு வரியும் விட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

புத்தகத்தின் கடைசிப் பாடம் முடிந்த அன்று, “நாளைக்குப் பேசிடலாம்” என்றாள். நமக்கு மாலை ஏழு மணி என்றால் அங்கே காலை. வாப்பா கூட வருகிறேன் என்றார். அவள் வேண்டாமென்றாள். ரிசீவரை ஒரு கையில் பிடித்து இன்னொரு காதைப் பொத்திக்கொண்டால்தான் கேட்கும், ஆகவே நோட்டைப் பிடித்துக் குறி போட நான் மட்டும் போதும் என்றாள். ‘சீ’ என்றால் டிக், ‘நோ’ என்றால் பெருக்கல் குறி. பென்சிலைச் சீவி நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இன்று எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அந்த வயதில் அவனை அப்படி ஓர் இடத்துக்கு நான் அழைத்துப் போயிருக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு நம்பிக்கையான ஆள் வேறு யாரும் இல்லை. அர்த்தம் தெரியாத ஒருத்திதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பூத் வைத்திருந்தவர் கோட்டுச்சேரிக்காரர். “சிலிக்கா? நம்ம பூத்துலேருந்து உங்க மச்சானுக்கு அப்புறம் நீங்கதாம்மா ரெண்டாவது ஆளு” என்று சொல்லி எனக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். நான் அதன்மேல் ஏறி நின்று, சாச்சியின் கன்னத்தோடு கன்னம் வைத்து ரிசீவரின் ஓரத்தில் காதை ஒட்டிக்கொண்டேன். அவளுடைய வெள்ளைத் துப்பட்டி மழையில் நனைந்து சில்லென்றிருந்தது. நாலாவது முறைதான் மணி போனது.

ஒரு பெண் எடுத்தாள். சாச்சி பேசினாள். நான் சென்னை வானொலியில் செய்தி வாசிப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள்கூட அவ்வளவு நிதானமாக வாசித்ததில்லை. நான் இன்னாருடைய மனைவி, இந்தியாவிலிருந்து பேசுகிறேன், எனக்கு உங்கள் மொழி கொஞ்சம்தான் தெரியும், தயவுசெய்து ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள். அதுதான் அவள் சொன்னது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கமிருந்து மிக மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போல, “சீ, செஞ்யோரா” என்று வந்தது. ஆமாம் அம்மா என்று அர்த்தம். சாச்சி என் தோளை அழுத்தினாள். சட்டைப்பெட்டி அட்டையில் இருந்த விதிகளை உலகத்தின் அடுத்த கோடியில் ஒருத்தி புரிந்துகொண்டுவிட்டாள்.

பெயரையும் படிவத்திலிருந்த எண்ணையும் சொன்னாள். அந்தப் பெண் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காகிதம் புரளும் ஓசை கேட்டது. அடுத்து கேள்விகள்.

நோட்டில் முதல் வரியில் விரலை வைத்துக் காத்திருந்தேன். சாச்சி மூச்சு எடுத்தாள். கேட்டது இரண்டாவது கேள்வியை.

முதல் வரியை விட்டுவிட்டாள். முப்பது நாள் ஒப்பித்ததில் ஒருமுறையும் விடாதவள், பரீட்சை அன்று விட்டுவிட்டாள். அந்தக் காலத்து வெளிநாட்டு லைனில் குரல் போய்ச் சேரவே ஒன்றிரண்டு நொடி ஆகும். அதற்குள் நான் எடுத்துக்கொடுத்துவிட்டேன். ரிசீவர் என் வாயருகில் இருந்தது. பள்ளியில் பழகியபடி உரக்க, தெளிவாக, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன்: “எஸ்தா வீவோ?”

சாச்சி என்னை அறைந்தாள்.

அறைந்த கையாலேயே என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். ஒரு காது துப்பட்டியில் புதைந்தது. இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்தினாள். எனக்கு அவள் வயிற்றுக்குள் ஏதோ ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த வயிறு இறுகி, அப்படியே நின்று, பிறகு நீளமாக இறங்கியது. கையை எடுத்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் என் முகத்தைத் துப்பட்டி முனையால் துடைத்துவிட்டு, பென்சிலை என் விரல்களுக்குள் திணித்து, இரண்டாவது கேள்வியை மறுபடி கேட்டாள். “சீ” என்று எனக்கே கேட்டது. டிக் போட்டேன்.

மொத்தம் ஏழு டிக், மூன்று பெருக்கல் குறி. சாப்பிடுகிறார், பேசுகிறார், பெயர் சொல்லத் தெரிகிறது. நடக்க முடியவில்லை, எழுத முடியவில்லை, தனியாகப் பயணம் செய்ய முடியாது. முடிவில் கேள்வியல்லாத ஒன்றைச் சொன்னாள். வீட்டில் எல்லாரும் நலம், நாங்கள் காத்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லுங்கள் என்ற வினை புத்தகத்தின் கடைசிப் பாடத்தில்தான் இருந்தது. அதற்காகத்தான் அவள் அதுவரைக்கும் படித்தாள்.

“டீச்சர் கணக்கா பேசுறீங்களேம்மா” என்றார் பூத்காரர். “பாப்பா ஏன் அழுவுது?”

“ஒண்ணுமில்லண்ணே. காலைத் தட்டிக்கிச்சு.”

வீட்டில் உம்மா நோட்டைக் கையில் வாங்கி, டிக்குகளை எண்ணி முத்தமிட்டாள். நான் என் வழக்கை அவளிடம் வைத்தேன். “சாச்சி மொத வரிய விட்டுட்டாங்க உம்மா. நான்தான் எடுத்துக்குடுத்தேன். அதுக்கு அடிச்சுட்டாங்க.”

“என்ன வரி புள்ள அது?” என்று உம்மா தங்கையைக் கேட்டாள்.

“பேரு கேக்கிறது” என்றாள் சாச்சி. “முன்னாடியே பேரு சொல்லிட்டோம்ல, அதான் விட்டேன்.”

சாச்சா தை கழிந்து ஊர் வந்து சேர்ந்தார். கம்பெனி ஆள் ஒருவர் கைத்தாங்கலாகக் காரிலிருந்து இறக்கினார். சுவரைப் பிடித்து நடந்தார், வார்த்தைகளைத் தேடித்தேடிப் பேசினார். வந்த இரண்டாம் நாள் அவர் சொன்னது, ஒருநாள் காலை நர்ஸ் ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லியிருக்கிறாள். இங்கிலீஷ் தெரிந்த டாக்டர் விளக்கினாராம். உங்கள் மனைவி போனில் பேசினார், அச்சடித்த புத்தகமே பேசுவதுபோல் இருந்ததாம். “ஆள் மாறிப்போச்சு, என் பொண்டாட்டிக்கு அந்தப் பாஷை தெரியாதுன்னேன்” என்றார். சாச்சி அடுப்படியில் இருந்தாள். வெளியே வரவில்லை.

பதினோராம் வகுப்பில் நானும் பிரெஞ்சு எடுத்தேன். உயிரோடிருப்பதற்கான வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரு மதியம், என் நாக்கில் பழைய வரி தானாக வந்து நின்றது. எஸ்தா வீவோ. கூடப்பொறந்த பாஷை என்பாளே. உயிரோடு இருக்கிறாரா என்றுதான் நான் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. சாச்சியிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. முதல் கேள்வியாக எழுதி, முப்பது நாள் ஒப்பித்த ஒன்றை அவள் ஏன் கேட்காமல் விட்டாள் என்பது அன்றும் புரியவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்றே பல வருடம் நம்பினேன்.

போன மாதம் சென்னையில் படிக்கும் என் மகனின் போன் இரண்டு நாள் அணைந்துகிடந்தது. அவனுடைய அறைத்தோழனின் எண் என்னிடம் இருந்தது. இரண்டாம் நாள் மாலை வரை அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அழைத்து, அந்தப் பையன் எடுத்ததும், “அங்க மழையா தம்பி?” என்றுதான் கேட்டேன். “ஆமா ஆன்ட்டி, அவனுக்குத்தான் காய்ச்சல், தூங்குறான்” என்றான் அவன். மகன் தேறிவிட்டான். போனையும் சரிசெய்துவிட்டான்.

அந்தப் பூத்தில் நான் கேட்டுவிட்ட கேள்விக்கு ரிசீவரிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையை, அது எதுவாக இருந்தாலும், அவள் தனியாகவே கேட்க நினைத்தாள். அதற்காகவே என் காதுகளைப் பொத்தினாள். நான் அழுதது அடிபட்டதற்காக இல்லை. முதல் வரிக்கு வந்த பதில் எனக்குக் கேட்கவில்லையே, இப்போது அங்கே எந்தக் குறியைப் போடுவது என்றுதான் அழுதேன்.